கடல்நீர்த் தொட்டியில் வலுவான நீரோட்டம்: பம்பைப் பெரிதாக்குவதா, அமைப்பை மாற்றுவதா?

உப்பங்கழி கேட்டது:

வணக்கம். 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் கொண்ட கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். பாறையும் மணலும் பிடித்துக்கொண்ட இடம் போக, அதில் நிற்கும் நீர் ஏறத்தாழ 250 லிட்டர் இருக்கும். கீழே சம்ப் (தொட்டியிலிருந்து வடியும் நீர் வந்து சேரும் கீழ்த்தொட்டி) இருக்கிறது. மணிக்கு 3,000 லிட்டர் என்று குறிக்கப்பட்ட ரிட்டர்ன் பம்பு அங்கிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றுகிறது. இதைத் தவிர, வலப்பக்கக் கண்ணாடியில் குறுகிய வாய் கொண்ட பவர்ஹெட் (நீருக்குள்ளேயே இருந்து நீரைத் தள்ளும் சிறு பம்பு) ஒன்று ஓடுகிறது. அதன் மீது மணிக்கு 4,000 லிட்டர் என்று எழுதியிருக்கிறது.

லெதர் பவளமும் சோவாந்தஸ் கூட்டமும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பவர்ஹெட்டுக்கு நேர் எதிரே, சுமார் 30 செ.மீ. தொலைவில் உள்ள யூஃபிலியா பவளத்தின் ஒரு பக்கச் சதை சுருங்கி, எலும்புக்கூட்டின் விளிம்பு வெளியே தெரியத் தொடங்கிவிட்டது. அதே தாரை மணலைப் பறித்து, அடிக்கண்ணாடி தெரியும்படி குழி உண்டாக்கியிருக்கிறது. இடப்பக்கப் பாறைக் குவியலுக்குப் பின்னாலோ நீர் அசைவதாகவே தெரியவில்லை; அங்கே கசடு படிந்து, அதன் மேல் சிவப்பு நிறச் சயனோ எனும் நுண்ணுயிர்ப் படலம் பரவுகிறது. உறிஞ்சி எடுத்தாலும் சில நாட்களில் திரும்ப வந்துவிடுகிறது.

அடுத்து மான்டிபோரா பவளமும், அது நிலைத்த பிறகு ஆக்ரபோரா பவளமும் வைக்க விரும்புகிறேன். இவற்றுக்கு மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் 40 மடங்கு நீரோட்டம் வேண்டும் என்று பல இடங்களில் படித்தேன். அப்படியானால் ரிட்டர்ன் பம்பைப் பெரிதாக மாற்றலாமா, இன்னும் இரண்டு பவர்ஹெட்டுகளைச் சேர்க்கலாமா, அல்லது அலை எழுப்பும் கருவி வாங்க வேண்டுமா? தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன்களும் ஒரு கடற்சாமந்தியும் இருக்கின்றன. அவற்றுக்குத் தீங்கு வராத வழியாக இருக்க வேண்டும் என்பதே என் முதல் கவலை.

பவளத்திட்டு எழுதியது:

வணக்கம். ஒரே தொட்டியில் ஓரிடத்தில் நீர் சதையைக் கிழிக்கும் அளவுக்குப் பாய்வதும், இன்னோரிடத்தில் கசடு படியும் அளவுக்குத் தேங்குவதும் லிட்டர் பற்றாக்குறையால் வருவதில்லை. அந்த லிட்டர்கள் எந்த வடிவில் நீருக்குள் செலுத்தப்படுகின்றன என்பதைப் பார்த்தால் உங்கள் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்துவிடும்.

பவளத்துக்கு நீரோட்டம் எதற்கு என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஓடும் நீர் எந்தப் பரப்பின் மீது பட்டாலும், அந்தப் பரப்பை ஒட்டிய மெல்லிய ஏடு ஒன்று ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடுகிறது. எல்லைப் படலம் எனப்படும் இந்த ஏட்டினூடே மெதுவாகப் பரவித்தான் ஆக்சிஜனும் கரைந்த கரிமமும் ஊட்டங்களும் சதையை அடையவோ அதிலிருந்து வெளியேறவோ முடியும். பகலில், சதைக்குள் வாழும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து வெளிவிடும் ஆக்சிஜன் அங்கேயே தேங்கினால் அது பவளத்துக்குக் கேடு. இரவில், அதே சதை சுவாசிப்பதற்கு ஆக்சிஜன் வெளியிலிருந்து உள்ளே வந்தாக வேண்டும். நீர் விரைந்து ஓடினால் படலம் மெலிகிறது, இரண்டு பரிமாற்றங்களும் விரைகின்றன. கடும் ஒளியில் வைக்கப்படும் ஆக்ரபோராவுக்கு நீரோட்டமும் கடுமையாக வேண்டியிருப்பது இதனால்தான். கடல் வெப்பம் மிகுந்த காலங்களில், நீரோட்டம் நன்றாக உள்ள இடத்துப் பவளங்கள் மற்றவற்றைவிடக் குறைவாக வெளுத்ததும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பவளம் சுரக்கும் கோழையையும் அதன் மேல் விழும் கசடையும் கழுவிச் செல்வதும், இரையைக் கொண்டுவந்து சேர்ப்பதும்கூட நீரின் வேலைதான்.

இனி ரிட்டர்ன் பம்பு. அதைப் பெரிதாக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பம்பின் ஆற்றல் பெரும்பாலும் நீரை உயரே தூக்குவதிலேயே செலவாகிறது. மணிக்கு 3,000 லிட்டர் நீரை ஒன்றரை மீட்டர் ஏற்றுவதற்கு நீர் மட்டுமே 12 வாட் ஆற்றலைக் கேட்கும்; சிறு பம்புகளின் திறன் குறைவு என்பதால் மின்செலவு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். இவ்வளவு செலவழித்து ஏற்றிய நீர் தொட்டிக்குள் வந்த பின் எதையும் பெரிதாக அசைப்பதில்லை. மேலும், பெட்டியில் குறிக்கப்படும் 3,000 என்பது ஏற்றமே இல்லாத நிலையில் கிடைக்கும் அளவு. பம்பின் உச்ச ஏற்றம் மூன்று மீட்டர் என்றால், ஒன்றரை மீட்டரில் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ பாதிதான். குழாயின் வளைவுகளில் இன்னும் கொஞ்சம் போய்விடும். ஒரே குழாயில் ஓட்டத்தை இரட்டித்தால் உராய்வு இழப்பு ஏறக்குறைய நான்கு மடங்காவதால், பெரிய பம்பை அதே குழாயில் மாட்டினாலும் எதிர்பார்த்த பலன் வராது. சம்ப் வழியாக மணிக்குக் கொள்ளளவைப் போல் ஐந்து, ஆறு மடங்கு சென்றால் ஹீட்டருக்கும் ப்ரோட்டீன் ஸ்கிம்மருக்கும் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) போதும். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

பவர்ஹெட்டுக்கு வருகிறேன். அதன் வாய் 20 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 4,000 லிட்டர் வெளியேற நீர் விநாடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். வட்டமான தாரை ஒன்று நிலைத்த நீருக்குள் நுழையும்போது, சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு விரிந்தபடி, தொலைவு கூடக் கூட வேகத்தை இழக்கிறது. அந்தக் கணக்கில் 30 செ.மீ. தொலைவில் தாரையின் நடுக்கோட்டில் இன்னும் விநாடிக்குச் சுமார் 1.4 மீட்டர் வேகம் இருக்கும். அலை உடையும் பவளத்திட்டின் முகப்பில் ஒரு கணம் வந்து மறையும் வேகம் அது. உங்கள் யூஃபிலியா அதை இடைவெளியின்றி, ஒரே திசையிலிருந்து தாங்கிக்கொண்டிருக்கிறது. அதன் எலும்புக்கூட்டின் தகடுகள் கூர்மையானவை. நீர் சதையை அவற்றின் மீது அழுத்திக்கொண்டே இருந்தால் சதை அறுந்து பின்வாங்கும்.

இதற்கு மாறாக, 70 மி.மீ. அகன்ற வாய் கொண்ட ப்ரொப்பெல்லர் பம்பு மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும்போது, வெளியேறும் வேகம் விநாடிக்கு 0.7 மீட்டர் மட்டுமே. ஒரு மீட்டர் தொலைவிலும் அதில் 0.3 மீட்டர் எஞ்சியிருக்கும். நீருக்குக் கொடுக்கப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால், உங்கள் குறுகிய தாரைக்கு 7 வாட்டும் அகன்ற தாரைக்கு 0.7 வாட்டும் ஆகின்றன. பத்தில் ஒரு பங்கு ஆற்றலில் இரண்டரை மடங்கு நீர் நகர்கிறது. தொட்டிச் சுவர்கள் தாரையைக் கட்டுப்படுத்துவதால் இவை தோராயமான எண்கள்தாம். ஆனால் வேறுபாடு அவ்வளவு பெரியது என்பதால் தோராயமே போதும். ஆகவே இன்னும் இரண்டு பவர்ஹெட்டுகள் சேர்ப்பதைவிட, இருப்பதை எடுத்துவிட்டு, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள இரண்டு ப்ரொப்பெல்லர் பம்புகளை, ஒவ்வொன்றும் மணிக்கு 8,000 லிட்டர் அளவில், பொருத்துவதே சரி.

நீங்கள் படித்த 40 மடங்கு என்பது அனுபவத்தில் உருவான ஒரு வழிகாட்டி. லெதர், சோவாந்தஸ் போன்ற மென்பவளங்களுக்கு 10 முதல் 20, யூஃபிலியா போன்ற பெரிய பாலிப் (தனித்தனிப் பவள உயிரி) கொண்ட பவளங்களுக்கு 20 முதல் 30, ஆக்ரபோரா போன்ற சிறிய பாலிப் கொண்ட பவளங்களுக்கு 40க்கு மேல் என்று பலரும் சொல்வார்கள். பம்பு வாங்கும்போது இது உதவும். ஆனால் பவளம் உணர்வது தன் மீது படும் நீரின் வேகத்தை மட்டுமே. தொட்டி முழுவதும் மணிக்கு எத்தனை முறை சுற்றியது என்பது அதற்குத் தெரியாது.

மணற்படுகை எழுதியது:

மேலே சொல்லப்பட்ட கணக்கு முழுவதையும் ஏற்கிறேன். பம்பை எங்கே வைப்பது, பாறையை எப்படி அடுக்குவது என்ற இரண்டைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நல்ல பம்பு வாங்கியும் பயன் கிடைக்காதவர்களின் தொட்டிகளில் பெரும்பாலும் இவையே தவறாக இருக்கின்றன.

வலுவான நீரோட்டம் வேண்டுமானால் தொட்டியில் உள்ள நீர்த்திரள் முழுவதும் ஒரே பொருளாக நகர வேண்டும். கனமான ஊஞ்சலைச் சிறிது சிறிதாகத் தள்ளி வேகமேற்றுவது போல, ஒரு திசையில் தொடர்ந்து தள்ளினால் 250 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்த நீர் மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும். மேற்பரப்பை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று, எதிர்ச் சுவரில் இறங்கி, மணலை ஒட்டித் திரும்பி வரும் பெருஞ்சுழல் ஒன்று உருவாகும். இப்படி ஒரு முறை வேகம் பிடித்துவிட்டால், பம்பின் தாரை நேரடியாகப் படாத இடங்களிலும் நீர் ஓடும். இரண்டு பம்புகளை எதிரெதிரே வைத்து இரண்டையும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓட்டினால், தாரைகள் நடுவில் மோதி ஒன்றின் உந்தத்தை மற்றொன்று அழித்துவிடும். மோதும் இடத்தில் நல்ல கொந்தளிப்பு தெரியும், அதைக் கண்டு நீரோட்டம் பலமாக இருப்பதாக நினைத்துவிடுவோம்; சுவரோரங்களும் பாறையின் பின்புறமும் அப்போதும் தேங்கியே கிடக்கும்.

எனவே உங்கள் தொட்டியின் இரு முனைக் கண்ணாடிகளிலும் ஒவ்வொரு பம்பைப் பொருத்துங்கள். இரண்டும் பின்கண்ணாடிக்கு அருகே, நீர்மட்டத்துக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருக்கட்டும். அதைவிட மேலே வைத்தால் நீர்ச்சுழி உண்டாகிக் காற்றை உறிஞ்சும். குமிழிகள் பவளத்தின் மீது போய் ஒட்டும், ஓசையும் எழும். ஒரு பம்பு 70, 80 சதவீத வேகத்தில் ஓடும்போது மற்றது 10, 20 சதவீதத்தில் சும்மா சுழலட்டும். பிறகு பொறுப்பை மாற்றிக்கொள்ளட்டும். இந்த மாற்றத்துக்கான இடைவெளியைச் சில விநாடிகளாக வைப்பதுதான் பரவலான வழக்கம். பெருஞ்சுழலின் நோக்கத்துக்கு அது பொருந்தாது, ஏனெனில் நீர்த்திரள் வேகம் பிடிப்பதற்கு முன்பே திசை மாறிவிடுகிறது. குறைந்தது 15 நிமிடங்களாவது ஒரே திசையில் விடுங்கள். சிலர் ஓத ஏற்ற இறக்கத்தை ஒத்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள். அதிலும் பவளங்கள் நன்றாகவே வளர்கின்றன. திசை ஒருபோதும் மாறாமல் இருப்பதுதான் கூடாது. பவளத்தின் ஒரு பக்கம் எப்போதும் நீர்நிழலில் இருந்தால், கசடு அந்தப் பக்கத்திலேயே சேர்ந்து, சதை அங்கிருந்து அழியத் தொடங்கும்.

பாறை அடுக்குவதைப் பற்றி. சயனோ வந்திருக்கும் உங்கள் இடப்பக்கக் குவியல் பின்கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று ஊகிக்கிறேன். அப்படியானால் எத்தனை பெரிய பம்பை வாங்கினாலும் அந்த இடம் மாறாது. பாறைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே 8 முதல் 10 செ.மீ. இடைவெளி விட்டால், பின்புறம் ஒரு வாய்க்கால் போல நீர் ஓட வழி கிடைக்கும். ஒரே பெரிய மதிலாக அடுக்காமல் இரண்டு தீவுகளாகப் பிரித்து, கீழ்ப்பாறைகளைச் சிறு கால்கள் மேல் நிறுத்தி மணலிலிருந்து சற்றே உயர்த்தினால், திரும்பி வரும் அடி ஓட்டம் அவற்றின் அடியிலும் நுழைந்து செல்லும். பாறைகள் மணலின் மேல் நிற்காமல் அடிக்கண்ணாடி மீதோ கால்கள் மீதோ உறுதியாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய நீரோட்டம் மணலை அரிக்கும்போது குவியல் சரியும். இந்த வேலை அலுப்பானது, ஒரு நாளில் முடியாது. ஆனாலும் பம்புக்குச் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மணல் மாவு போல இருந்தால் இந்த நீரோட்டத்தில் நிற்காது. 1 முதல் 2 மி.மீ. பருமன் கொண்ட அரகோனைட் மணல் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

நீரின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், அளந்துவிடலாம். தொட்டிக்கு வெளியே கண்ணாடியின் மீது 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு நாடாத் துண்டுகளை ஒட்டி, நீரோடு மிதந்து செல்லக்கூடிய உறைந்த இரையின் துணுக்குகளைத் தூவிக் கைபேசியில் காணொளி எடுங்கள். ஒரு துணுக்கு அந்தத் தொலைவை இரண்டு விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 15 செ.மீ. ஆக்ரபோரா வைக்கப்போகும் மேல்பகுதியில் 15 முதல் 30 வரை இருப்பதை நான் விரும்புவேன்; யூஃபிலியா இருக்கும் இடத்தில் 5, 6 இருந்தால் அதன் கைகள் அசைந்தாடும், மடங்கிப் படுக்காது.

பாறைக்குப் பின்னால் இப்படி அளக்க முடியாது. அதற்குக் கடல் சூழலியலாளர்கள் கையாளும் எளிய முறை ஒன்று இருக்கிறது. பாரிஸ் சாந்தை (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஒரே அச்சில் வார்த்துச் சிறு கட்டிகளாக்கி, நன்கு உலர்த்தி எடை பார்த்து, வெவ்வேறு இடங்களில் ஒரு நாள் வைத்து, பின் எடுத்து மீண்டும் உலர்த்தி எடை பார்ப்பார்கள். நீரோட்டம் மிகுந்த இடத்துக் கட்டி அதிகமாகக் கரைந்திருக்கும். ஒரு கட்டியை அதே உப்பளவும் வெப்பமும் உள்ள நிலைத்த நீரில் வைத்து ஒப்பிட்டால் உண்மையிலேயே தேங்கிய இடம் எது என்று தெரிந்துவிடும். அளவில் சிறிய சில கட்டிகள் போதும். அவற்றிலிருந்து கரைவது கால்சியமும் சல்பேட்டும்தான், இரண்டும் கடல்நீரில் ஏற்கெனவே மிகுதியாக உள்ளவை.

அலைவாய் எழுதியது:

நீங்கள் அலை எழுப்பும் கருவியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. பம்பைச் சீரான இடைவெளியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டினால், தொட்டி நீர் முழுவதும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய்ந்து திரும்பும். இந்த ஊசலாட்டத்துக்கு ஒவ்வொரு தொட்டிக்கும் உரிய இயல்பான காலம் உண்டு. 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. நீராழமும் இருந்தால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 1.4 விநாடி; 180 செ.மீ. நீளமும் 60 செ.மீ. ஆழமும் இருந்தால் 1.7 விநாடி. பம்பு அதில் பாதி நேரம் ஓடி, பாதி நேரம் ஓய்ந்தால் அலை எழும். மேசை மீதுள்ள கட்டுப்படுத்தியில் நேரத்தைச் சிறுகச் சிறுக மாற்றிப் பார்த்தால் அந்தப் புள்ளி கிடைக்கும்.

கண்ணுக்கு மிக அழகான காட்சி இது, ஆனால் அதன் வலிமையை மிகைப்படுத்திக்கொள்ளக் கூடாது. உங்கள் தொட்டியின் முனைகளில் நீர்மட்டம் மேலும் கீழும் ஒரு செ.மீ. ஏறி இறங்குகிறது என்றால், நடுப்பகுதியில் மேற்பரப்பு நீரின் உச்சக் கிடை வேகம் விநாடிக்கு 5, 6 செ.மீ.தான், அடியில் சுமார் 3. முனைச் சுவர்களை ஒட்டி நீர் ஏறி இறங்குமே தவிரப் பக்கவாட்டில் நகர்வதே இல்லை. தவிரவும், முன்னே சென்ற நீர் அவ்வளவும் பின்னே வந்துவிடுவதால், கசடு கிளம்பினாலும் வடிகால் முனைக்குப் போய்ச் சேராமல் அதே இடத்தைச் சுற்றியே விழும். மணற்படுகை சொன்ன பெருஞ்சுழலோடு சேர்த்து, நாளில் சில மணி நேரம் மட்டும் அலையை இயக்கினால் இரண்டின் பயனும் கிடைக்கும்: அலை பவளக் கிளைகளின் இடுக்கில் சிக்கியதை உதறிவிடும், சுழல் அதைச் சுமந்து செல்லும்.

அலையை இயக்குவதற்கு முன் தொட்டியின் தாங்கியைக் கையால் அசைத்துப் பாருங்கள். சிறிதாவது ஆடினால் வேண்டாம். இரண்டரை குவிண்டால் நீர் நாள் முழுவதும் ஒவ்வொரு விநாடியும் பக்கம் மாறிச் சாயும்போது, மூலைகளில் உள்ள சிலிக்கோன் ஒட்டும் தாங்கியின் மூட்டுகளும் அந்தச் சுமையை மாறி மாறித் தாங்க வேண்டியிருக்கும். மேல்விளிம்பில் கண்ணாடிப் பட்டை இல்லாத தொட்டிகளில் இதைச் செய்ய நான் ஒருவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

உண்மையான பவளத்திட்டின் அலை வீச்சை விரும்புகிறவர்களுக்கு வேறொரு பழைய வழி இருக்கிறது. தொட்டிக்கு மேலே ஒரு கலனை வைத்து அதில் நீரை மெதுவாக நிரப்புவார்கள். குறித்த மட்டத்தை எட்டியதும் சைஃபன் (நீரை இழுத்து இறக்கும் வளைகுழாய்) தானே தொடங்கி, அவ்வளவு நீரையும் சில விநாடிகளில் தொட்டிக்குள் கொட்டும். ஹவாயின் வைக்கிக்கி காட்சியகத்தில் பணியாற்றிய புரூஸ் கார்ல்சனின் பெயரால் இது கார்ல்சன் வீச்சுக் கருவி எனப்படுகிறது. கருவிக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை, மீன்களின் இரையாகும் மிதவை உயிர்கள் இம்பெல்லரில் (பம்பின் சுழலும் இறக்கைகளில்) நசுங்குவதும் குறைவு. நீர் கொட்டும் ஓசை, குமிழிகள், உப்புத் தெறிப்பு, ஒவ்வொரு கொட்டலிலும் மாறும் நீர்மட்டம் ஆகியவற்றுக்கு இடம் கொடுக்க முடிந்தால் இதைவிடச் சிறந்த நீரோட்டம் இல்லை என்பேன். உங்கள் தொட்டியின் மேலே அத்தகைய கலனுக்கு இடம் இருக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உப்பங்கழி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மணற்படுகை ஊகித்தது சரிதான். இடப்பக்கக் குவியல் பின்கண்ணாடியைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. முதலில் பாறையைப் பிரித்து அடுக்கிவிட்டு, பிறகு இரண்டு ப்ரொப்பெல்லர் பம்புகள் வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மேலே கலன் வைக்க இடமில்லை. விளக்குத் தாங்கி அந்த இடத்தை அடைத்திருக்கிறது.

இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. புதிய பம்புகளைத் தொடக்கத்திலேயே முழு வேகத்தில் விடலாமா? இரவில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியா? கடற்சாமந்தி இடம்பெயர்ந்து பம்புக்குள் போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

உயிர்ப்பாறை எழுதியது:

கடற்சாமந்தியைப் பற்றிய அச்சம் நியாயமானது, அதற்கே முதலில் விடை சொல்கிறேன். சுற்றுப்புறம் மாறினால் கடற்சாமந்தி நகரும். நீங்கள் செய்யப்போவது ஒரே நேரத்தில் பாறையையும் நீரோட்டத்தையும் மாற்றுவது. பம்பின் உறிஞ்சுமுகத்தில் அது சிக்கினால் அது மட்டும் இறப்பதில்லை, சிதைந்த சதையும் நஞ்சும் நீரில் கலந்து மற்ற உயிர்களையும் வீழ்த்திவிடும். ஆகவே பாறை மாற்றும்போது அது ஒட்டியிருக்கும் கல்லை அசைக்காமல் விட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்குங்கள். பம்புகள் இரண்டுக்கும் துளைநிறைந்த பஞ்சு உறையோ நெருக்கமான வலைக்கூண்டோ போட்ட பிறகே அவற்றை இயக்குங்கள். உறை போட்டால் ஓட்டம் சற்றுக் குறையும், உறையையும் வாரந்தோறும் அலச வேண்டியிருக்கும். கடற்சாமந்தி உள்ள தொட்டியில் அதற்கு மாற்று வழி இல்லை.

வேகத்தைப் பொறுத்தவரை, 30 சதவீதத்தில் தொடங்கி, சில நாட்களுக்கு ஒரு முறை 10 சதவீதம் கூட்டுங்கள். பாறை இடுக்குகளில் நெடுநாளாகப் படிந்திருந்த கசடு இந்த நாட்களில் கிளம்பி நீரைக் கலக்கும். ஒரே நாளில் அத்தனையும் கிளம்பினால் ஸ்கிம்மராலும் வடிகட்டிப் பையாலும் சமாளிக்க முடியாது. ஒவ்வொரு முறை கூட்டிய பிறகும் யூஃபிலியாவையும் மணலையும் பார்த்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள். யூஃபிலியாவை இப்போதே அந்தத் தாரையிலிருந்து அப்புறப்படுத்தி, தாழ்வான, பாறையின் ஓரமான ஓர் இடத்தில் வைத்துவிடுங்கள். புதிய பம்புகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வெளித்தெரியும் எலும்புக்கூட்டின் மீது பாசி ஏறிவிட்டால் சதை மீண்டும் அங்கே படர்வது கடினமாகும்.

இரவு பற்றி என் கருத்து பலருடையதிலிருந்து வேறுபடும். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள கடல்நீர் 25 டிகிரியில் காற்றோடு சமநிலையில் இருக்கும்போது லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கொண்டிருக்கும். அதே வெப்பத்தில் நன்னீர் 8 மில்லிகிராமுக்கு மேல் கொண்டிருக்கும். விளக்கு அணைந்ததும் பாசியின் ஆக்சிஜன் உற்பத்தி நின்றுவிடுகிறது. மீன், பவளம், நுண்ணுயிர், பாசி எல்லாமே சேர்ந்து இருப்பதைச் செலவழிக்கின்றன. அந்த நேரத்தில் மேற்பரப்பு அசைவைக் குறைப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. மீன்கள் உறங்குவதற்குப் பாறை இடுக்கு போதும். அடிப்பகுதியின் வேகத்தைக் குறைக்க விரும்பினால் ஒரு பம்பை மட்டும் குறைத்து, மற்றது நீரின் மேற்பரப்பில் சிற்றலை எழும்படி சற்றே மேல்நோக்கித் திருப்பியிருக்கட்டும். மேற்பரப்பில் எண்ணெய் போல் மிதக்கும் படலமும் இதனால் உடைந்து வடிகால் வழியே சம்புக்குச் சென்றுவிடும்.

மின்தடையைப் பற்றி யாரும் குறிப்பிடவில்லை. பவளங்களும் மீன்களும் நிறைந்த தொட்டியில் நீரோட்டம் நின்றால் முதலில் தீர்வது ஆக்சிஜன்தான். வாங்கப்போகும் இரண்டு பம்புகளில் ஒன்றாவது நேர்மின்னோட்டத்தில் இயங்கி, மின்கலத்துக்குத் தானாக மாறும் வசதி கொண்டதாக இருக்கட்டும். குறைந்த வேகத்தில் மேற்பரப்பை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தால் மின்கலம் நெடுநேரம் தாங்கும். ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்குள் ஆழத்தில் இருந்தால், மின்சாரம் நின்றதும் நீர் பின்னோக்கி இறங்கிச் சம்பை நிரப்பி வழியும் என்பதால், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் காற்று நுழைவதற்கு ஒரு சிறு துளை போட்டு, அதில் பாசி அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பம்புகளின் கம்பி ஒவ்வொன்றும் செருகுமுனைக்குப் போகும் முன் ஒரு முறை கீழே தாழ்ந்து வளைந்து ஏற வேண்டும். கம்பி வழியே வழியும் உப்புநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி இல்லாமல் உப்புநீரில் எந்தப் பம்பையும் இயக்க வேண்டாம்.

கடைசியாக, சில மாதங்களில் ப்ரொப்பெல்லர் மீதும் அதன் அச்சின் மீதும் சுண்ணாம்புப் பாசி ஏறி, வேகம் உங்களுக்குத் தெரியாமலேயே குறைந்துகொண்டு வரும். பம்பைக் கழற்றி, வினிகர் கலந்த நீரில் மூழ்கிய நிலையில் சற்று நேரம் ஓடவிட்டு, மென்மையான தூரிகையால் தேய்த்து, நன்னீரில் அலசி மாட்டுங்கள். முதல் முறை பொருத்தியதும் நாடாத் துண்டுகளுக்கு இடையே எடுத்த வேகத்தைக் குறித்து வைத்திருந்தால், எப்போது கழுவ வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.